பாமணியாற்றங்கரை அறுப்பு

எங்கள் ஊருக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகைத் தூக்கினாலும், அது கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகப் பிரிந்து, பாமணியாறாக மன்னார்குடியைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு எட்டுவதற்குள் மேல்மடைக்காரர்கள் நாற்று விட்டிருப்பார்கள். அதனால் எங்களுக்குக் குறுவை என்பது கிடைத்தால் உண்டு. சம்பாதான் சோறு. ஐப்பசி கார்த்திகை மழையில் மூழ்கி எழுந்து, மார்கழிப் பனியில் கதிர் வாங்கி, தையில் அறுப்புக்கு வரும் அந்த ஒரு போகத்தை நம்பித்தான் கல்யாணம், காதுகுத்து, கடன் எல்லாம்.

நிலத்தை யாரும் ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். மாவில்தான் சொல்வார்கள். மூன்று மா சேர்ந்தால் ஏக்கர், இருபது மா சேர்ந்தால் வேலி. வேலிக்கணக்கில் வைத்திருந்தவர்கள் நாலைந்து குடும்பம். மற்றவர்களெல்லாம் மூன்று மா, ஆறு மா. எங்கள் வீட்டில் சொந்தம் ஆறு மா, கோயில் நிலம் குத்தகைக்கு மூன்று மா. அதுவும் ஒரே இடத்தில் கிடையாது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, சுடுகாட்டுப் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமை 0.75 எக்டேர், அதாவது ஏறத்தாழ ஐந்தரை மா. அந்தக் கணக்கைப் படித்தபோது எங்கள் தெருவை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போலிருந்தது.

தை பிறந்ததும் விடியற்காலையில் பனி ஈரம் காய்வதற்குள் வயலில் ஆள் இறங்கிவிடும். வெயில் ஏறி அறுத்தால் மணி உதிர்ந்துவிடும் என்பதால் கருக்கரிவாளோடு நாலரை, ஐந்து மணிக்கே வரப்பில் நிற்பார்கள். அறுத்ததை அரி அரியாகத் தாளின் மேல் பரப்பிக் காயவிட்டு, பிறகு பிரி போட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவருவார்கள். பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த மேடுதான் எங்கள் களம். சாணி மெழுகி ஒரு வாரத்துக்கு முன்பே தயாராகிவிடும். தலையடி முடிந்த தாளை வட்டமாகப் பரப்பி மாடுகளைப் பிணைத்து ஓட்டுவார்கள். சாயங்காலக் காற்று கிளம்பியதும் பெண்கள் முறத்தை உயர்த்திப் பிடித்துத் தூற்றுவார்கள். பதர் விலகிப்போய் நெல் மட்டும் நேராக விழும். பொலியைக் குவித்துச் சாணிப்பாலால் குறி வைத்த பிறகு அதை யாரும் தாண்டக் கூடாது. மரக்கால் போடும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். ‘ரெண்டு’ அதற்குப் பிறகுதான். பெரியப்பா மரக்கால் போட்டால் குரல் தெரு முனைவரை கேட்கும். கூலிக்கு அளந்தது, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதருக்கு அளந்தது, கோயிலுக்கு அளந்தது என்று களத்திலேயே பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். மிச்சம்தான் வீட்டுக்கு வண்டியேறும்.

அந்தக் களத்தை நினைத்து நான் ஏங்குகிறேன் என்றால் அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்வதற்காக அல்ல. அறுத்தவர்களும் சுமந்தவர்களும் தூற்றியவர்களும் தெற்குத் தெருக்காரர்கள். அவர்களில் யாருக்கும் அந்த வயலில் ஒரு குழி சொந்தமில்லை. பண்ணையாள்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1952-இல் தஞ்சைக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. 1968 டிசம்பர் 25 இரவில், எங்களுக்குக் கிழக்கே கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்திய மண்ணும் இதுதான். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்தவை. கூலித் தகராறை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையமும், 1969-இன் நியாயக் கூலிச் சட்டமும் அதற்குப் பிறகு வந்தவை. எங்கள் களத்தில் கூலி மரக்கால் சற்றுத் தாராளமாக விழுந்தது அந்தச் சாவுகளுக்குப் பின்னால்தான் என்பதைப் பெரியப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, தெற்குத் தெருப் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனபோது ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று எங்கள் தெருவில் எழுந்த புலம்பலில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. நூறு நாள் வேலை வந்ததால்தான் அறுப்புக்கு ஆள் வரவில்லை என்று இன்றும் டீக்கடையில் பேசுகிறார்கள். குனிந்து குனிந்து முதுகு போன ஒரு பெண், வெயிலுக்கு முன் வீடு திரும்பும் வேலை ஒன்று கிடைத்தால் அதற்குப் போவாள். அது அவளுடைய உரிமை. விவசாயம் கட்டுப்படியாகாமல் போனதற்கு அவளைக் காரணம் காட்டுவது அநியாயம்.

ஆள் போன இடத்தில் அறுப்பு வண்டி வந்தது. முதலில் வந்தவை டயர் வண்டிகள். எங்கள் களிமண்ணில் அவை இறங்கியதும் அமிழ்ந்தன. வயல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அவற்றைக் கூப்பிட முடிந்தது. பெல்ட் வண்டி வந்த பிறகு அந்தக் கவலை போயிற்று. லாரியில் ஏற்றிவந்து மெயின் ரோட்டில் இறக்குவார்கள். அங்கிருந்து மதகுப் பாலத்தின் மேல் ஊர்ந்து, வரப்பை வெட்டி வழிசெய்த இடத்தில் வயலுக்குள் நுழையும். முன்னால் சுழலும் விசிறி கதிரைச் சாய்த்துக் கத்திக்குக் கொடுக்கும், உள்ளே அடித்துத் தூற்றி நெல்லைத் தொட்டியில் சேர்க்கும், தாளைப் பின்னால் துப்பும். பத்துப் பேர் ஒரு பகல் முழுக்க அறுத்ததை அது ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். தொட்டி நிரம்பியதும் டிராக்டர் பெட்டியில் கொட்டும்போது எழும் தூசியில் ஊரே அரித்துச் சொறியும். வண்டி திரும்ப முடியாத மூலைகளில் மட்டும் நாலு அரி அப்படியே நிற்கும். அதை அறுக்க ஒரு ஆளைத் தேட வேண்டும்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மீட்டர் இருக்கும். எங்கள் ஊர் விவசாயத்தின் லாப நட்டம் இன்று அந்த மீட்டரில்தான் இருக்கிறது. வாடகை மணிக்கணக்கு. பயிர் நிமிர்ந்து நின்றால் ஏக்கருக்கு ஒரு மணி நேரம். சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் இரண்டு மணி நேரமும் ஆகும். மணிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் மண்ணில் ஏக்கருக்கு இருபது குவிண்டால் கண்டால் நல்ல விளைச்சல். 2025-26 பருவத்தில் சன்னரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து அரசு தந்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஆக மொத்தம் 50,900 ரூபாய். சாய்ந்த பயிருக்கு வண்டி வாடகை 5,000 என்றால் பத்தில் ஒரு பங்கு அறுப்பிலேயே போகிறது. உழவு, கேஜ்வீல் போட்டுச் சேறடிப்பு, நாற்று, நடவு, உரம், மருந்து, ஏற்றுகூலி, குத்தகை எல்லாம் இதற்கு வெளியே நிற்கின்றன. சாய்ந்த பயிரில் விளைச்சலும் குறைந்திருக்கும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். வருமானம் குறைகிற அதே வயலில்தான் வாடகை இரட்டிப்பாகிறது.

வண்டிக்காரரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள இயந்திரம், பெரும்பாலும் கடனில் வாங்கியது. சேலம், ஆத்தூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். எங்கள் அறுப்பு முடிந்தால் கேரளத்துக் குட்டநாடு, ஆந்திரா என்று அறுப்பு இருக்கும் ஊரெல்லாம் ஓட வேண்டும். லாரி வாடகை, டீசல், பெல்ட் தேய்மானம், இரண்டு ஓட்டுநர் சம்பளம், மாதத் தவணை. வண்டி சும்மா நிற்கும் மாதங்களுக்கும் சேர்த்து அந்தச் சில வாரங்களில்தான் சம்பாதிக்க வேண்டும். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை விளக்கு போட்டு அறுக்கும் அந்தப் பையன்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. அத்தை அவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு போவாள். “எப்ப தம்பி ஊருக்குப் போவ?” என்று கேட்டால், “மாசி மகம் கழிச்சுதான்மா” என்பார்கள்.

சிக்கல் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும் தரகரிடம் இருக்கிறது. வண்டி எந்த ஊருக்கு முதலில் போகும், எந்த வயலில் இறங்கும் என்பதை முடிவுசெய்வது அவர். எங்கள் துண்டு வயலுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “பத்து மா சேத்துக் குடுங்கண்ணே, நாளைக்கே எறக்குறேன்.” பக்கத்து வயலில் பயிர் இன்னும் பச்சை. அதற்கடுத்த வயல்காரர் மதுரையில் வேலையிலிருக்கிறார், போனை எடுக்கவில்லை. பத்து மா சேருவதற்குள் வானம் கருக்கும். தையில் பெய்யக் கூடாத மழை இப்போது அடிக்கடி பெய்கிறது. மேகத்தைக் கண்டதும் 2,500 என்றிருந்தது 3,000 ஆகிவிடும். அந்த நேரத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை, வண்டி வந்தால் போதும் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். கூலிக்காக மற்றவர்கள் எங்கள் வாசலில் நின்ற தலைமுறைக்குப் பின், எங்கள் தெருவே இன்னொருவரின் போனுக்காக நிற்கிறது.

அரசு கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள், வண்டி உரிமையாளர்கள், அதிகாரிகள் முத்தரப்புக் கூட்டம் நடக்கும். டயர் வண்டிக்கு இவ்வளவு, பெல்ட் வண்டிக்கு இவ்வளவு என்று மணி வாடகை அறிவிப்பார்கள். கூடுதலாகக் கேட்டால் புகார் செய்ய எண்ணும் தருவார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் சொந்த பெல்ட் வண்டிக்கு வாடகை மணிக்கு 1,880 ரூபாய் என்று வைத்திருந்தார்கள், செல்போனிலேயே முன்பதிவு செய்யலாம். ஆனால் பதிவு செய்தவர்களின் வரிசை நீளம், அறுப்பு நாள்களோ குறைவு. தனியார் மேல் புகார் கொடுத்தால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். பிறகு கொடுத்தவர் வயலுக்கு மட்டுமல்ல, அவர் தெருவுக்கே வண்டி வராது. சாய்ந்த நெல் நாலு நாள் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும் என்பது தரகருக்கும் தெரியும். கட்டணத்தை மட்டும் நிர்ணயித்தால் போதாது. எந்த வயலுக்கு எந்த நாளில் வண்டி என்ற வரிசையை யாராவது பொதுவில் வைக்க வேண்டும். முறைவைத்துத் தண்ணீர் விடத் தெரிந்த ஊர்களுக்கு, முறைவைத்து வண்டி விடவும் தெரியும்.

இன்னொன்றும் மாறியது. அரி காய்ந்து, கட்டாகிக் களத்தில் கிடந்து அடிபட்ட நெல் அந்த நாள்களிலேயே காய்ந்துவிடும். வண்டி அறுத்த நெல் செடியின் ஈரத்தோடு தொட்டியில் விழுகிறது. ஊர் முழுக்க அதே வாரத்தில் அறுப்பதால் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஒரே சமயத்தில் அம்பாரங்கள் குவிகின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருவியில் 19, 20 காட்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். எங்கே காயவைப்பது? பழைய களத்துமேட்டில் இப்போது ஒரு கட்டடம் நிற்கிறது. அதனால் திருத்துறைப்பூண்டி ரோட்டின் ஒரு பாதியில் கல் அடுக்கி நெல்லைப் பரப்புகிறார்கள். ராத்திரி பூரா தார்ப்பாயோடு காவல் இருக்கிறார்கள். வண்டி மிச்சப்படுத்திக் கொடுத்த நாள்களை ரோட்டோரத்தில் செலவழிக்கிறார்கள் எங்கள் ஆட்கள். 17 என்ற எண், களத்தில் காய்ந்த நெல்லுக்குப் பொருந்தும். வண்டி அறுப்பை ஊக்குவிக்கும் அரசு, ஊருக்கொரு உலர்களத்தையும் உலர்த்தியையும் அதோடு சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும்.

எந்த வாடகைச் சீட்டிலும் வராத நட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றி அத்தையிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால் மெழுகு பதம் பார்த்து, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மண் ஈரத்தில் அது முளைத்துவிடும். அரிவாளோடு அறுப்பவர்கள் தாளைச் சற்று உயர்த்தி அறுப்பார்கள், இரண்டிலை விட்ட செடி காலடியில் நெகிழ்ந்து மறுபடி எழுந்துகொள்ளும். அதற்குப் பிறகு உழவு இல்லை, உரம் இல்லை, தண்ணீர் இல்லை. பனிதான் தண்ணீர். அறுபத்தைந்து, எழுபது நாளில் நெற்று கறுத்துப் பறிப்புக்கு வரும். ஏக்கருக்கு இரண்டு மூட்டை கண்டாலும் அது முழுக்க முழுக்கக் கையில் நிற்கும் காசு. நெல் காசு ஆண்களிடம் போய்க் கடனுக்குக் கழியும். உளுந்துக் காசு பெண்களுடையது. எங்கள் அக்காவின் பள்ளிக் கட்டணம், அத்தையின் காதுத் தோடு, பொங்கலுக்குப் பிறகு வாங்கிய கறவை மாடு எல்லாம் அந்தத் தெளி உளுந்தில் வந்தவை. பயறில் பழுத்துக் கிடந்ததைத் தெற்குத் தெருப் பெண்கள் பங்குக்குப் பறித்துப்போனார்கள், அவர்கள் வீட்டிலும் கொஞ்சம் பருப்பு சேர்ந்தது.

பெல்ட் வண்டி நெல்லை அறுக்கும்போது இந்த உளுந்துச் செடியின் மேல் ஏறிப்போகிறது. அது போகிற தடமும், திரும்புகிற தடமும், டிராக்டர் பெட்டி வந்து நிற்கிற தடமும் சேர்த்தால் வயலில் முளைப்பு தப்பிக்கும் இடம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். மிஞ்சியதன் மேல் வண்டி துப்பிய தாள் மூடிக்கிடக்கும். அறுத்த பிறகு உழுது விதைக்கலாம் என்கிறார்கள். அதற்குள் களிமண் இறுகிப்போகும், இன்னொரு டிராக்டர் வாடகை விழும், அணையும் ஜனவரி 28 அன்றே மூடியிருக்கும். உழவில்லாமல் விளைந்த பயிருக்கு உழவுக்கூலி கொடுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் பாதிப்பேர் உளுந்தையே விட்டுவிட்டார்கள். வண்டி வாடகை மலிவா, ஆள்கூலி மலிவா என்று ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு மூட்டை உளுந்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் சிறு விவசாயிக்கு விடை வேறாக வரும்.

இதையெல்லாம் சுமக்க முடியாமல் மூன்று மாக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். குத்தகைக்கு எடுப்பவர் யார் என்றால், ஏற்கெனவே நாலைந்து வேலி சேர்த்துச் சாகுபடி செய்கிறவர். அவருக்குத் தரகர் முதல் நாளே வண்டி அனுப்புவார், வாடகையிலும் விட்டுக்கொடுப்பார். வண்டி யார் பேச்சைக் கேட்கிறதோ அவரிடம் நிலம் போய்ச் சேர்கிறது. 1961-இல் 30 ஏக்கர், 1970-இல் 15 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டு ஒரு காலத்தில் நிலத்தைப் பிரித்தார்கள். இப்போது பத்திரத்தில் எதுவும் மாறாமலேயே வயல்கள் மறுபடி ஒரு கைக்குள் வருகின்றன. மறுபக்கம், வாய்ப்பேச்சுக் குத்தகையில் மூன்று மா, ஆறு மா உழுகிறவர்களும் இருக்கிறார்கள். குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969-இலேயே சட்டம் வந்தது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் உடைமைக்காரர்கள் காகிதத்தில் பெயர் எழுத விடுவதில்லை. அடங்கலில் பெயரில்லாதவருக்குப் பயிர்க்கடன் இல்லை, வெள்ள நிவாரணம் இல்லை, நெல்லைக்கூட இன்னொருவர் பெயரில் போட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போனபோது உழுதவருக்கு வந்த நட்டத்துக்கு, உழாதவர் கணக்கில் பணம் ஏறியதை நான் எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

கூட்டுப் பண்ணையம் என்று 2017-18-இல் ஒரு திட்டம் வந்தது. நூறு சிறு, குறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால் கருவிகள் வாங்க ஐந்து லட்சம் ரூபாய். யோசனை மிகச் சரியானது. ஆனால் ஐந்து லட்சத்தில் பவர் டில்லர் வாங்கலாம், களையெடுக்கும் கருவி வாங்கலாம். ஊரைக் காத்திருக்க வைக்கும் பெல்ட் வண்டியின் விலையில் அது கால் பங்குகூட ஆகாது. நாலைந்து குழுக்கள் சேர்ந்து, கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுத்து, ஒரு பிர்காவுக்கு இரண்டு வண்டி என்று நிறுத்தினால், தரகர் சொல்லும் விலைக்கு அன்றே ஒரு எதிர்விலை பிறந்துவிடும். வண்டி ஓட்டக் கற்ற பையன்கள் தெற்குத் தெருவில் இருக்கிறார்கள். ஆத்தூர் வண்டிகளில் பருவத்துக்குப் பருவம் கூடப்போய்க் கற்றுக்கொண்டவர்கள்.

போன வருஷம் எங்கள் வாய்க்கால் பாசனக்காரர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் விதைப்பது என்று பேசி முடித்தார்கள். கதிர் ஒன்றாக முற்றினால் பத்து மா என்ன, ஐம்பது மா சேரும். மணி வாடகையை விட்டு ஏக்கர் வாடகை கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். சாய்ந்த வயலுக்கு அது எடுபடாது என்று இன்னொருவர் மறுத்தார். பேச்சு நீண்டது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து, “வண்டி வரட்டும் தம்பி, வேண்டாங்கல. வாய்க்கால் ஓரத்து ரெண்டு மாவ மட்டும் கையறுப்புக்கு விடுங்க. அதுல நாங்க உளுந்து தெளிச்சுக்கிறோம். அறுக்கிற கூலிய அந்த உளுந்துலயே நான் தந்துர்றேன்” என்றாள். தெற்குத் தெருவிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள், கூலி வேண்டாம், பறிப்பில் சரிபாதி என்றால் வருகிறோம் என்றார்கள். சரிபாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.